பின்பாட்டு இல்லாத பாட்டு: முள்ளியவளையில் பதிவான ஒரு நாட்டார் இசைத்தொகுப்பும் அதைக் கேட்டவர்களும்

தொகுப்பு வெளியாகி மூன்றாம் நாள், போனையும் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் எடுத்துக்கொண்டு ஆச்சி வீட்டுக்குப் போனேன். முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில், வயலோடு ஒட்டிய வளவு. முதல் பாட்டே அவருடையதுதான், அருவி வெட்டுப் பாட்டு, அதாவது நெல் அறுவடைப் பாட்டு. முற்றத்தில் பாய் விரித்து, பேரப்பிள்ளைகள் சுற்றி இருக்கப் போட்டுக் காட்டினேன். மூன்று நிமிடம் நாற்பது செக்கன். ஆச்சி வெற்றிலையை மெல்லாமல் கொடுப்புக்குள் அடக்கியபடி கடைசிவரை கேட்டார். முடிந்ததும் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொருக்கா போடச் சொன்னார். இரண்டாம் தரமும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தம்பி, குரல் என்ரதுதான். ஆனால் எனக்குப் பின்னால ஒருத்தரும் பாடேல்லையே. நடு வயலுக்க தனிய நிண்டு கத்திற மாதிரியெல்லோ கிடக்கு."

அதே கிழமை கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் எங்களுக்குச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. எல்லோரும் புகழ்ந்தது அந்தத் தனிக்குரலைத்தான். ஒரு கிழவியின் குரல், ஒரு கிற்றார், சுற்றிவர அமைதி. கேட்கும்போது நெஞ்சை அடைக்கிறது என்று எழுதினார்கள்.

பாடியவருக்குக் குறையாகப் பட்ட அதே இடம், தூரத்தில் இருந்து கேட்டவர்களுக்கு அழகாகப் பட்டது. இது எப்படி நடந்தது என்பதை நாங்கள் மூன்று பேரும் பிறகு மாதக்கணக்கில் பேசினோம். பழைய பதிவுகளைத் திரும்பத் தோண்டிக் கேட்டோம். அந்தத் தேடலைத்தான் இங்கே நிகழ்வு ஆய்வாக எழுதி வைக்கிறேன். வன்னியில் இன்னொருவர் இப்படி ஒரு வேலையில் இறங்கினால் அவருக்குப் பயன்படவேண்டும். தொகுப்பின் பெயரையும் பாடியவர்களின் பெயரையும் எழுதவில்லை. பாடியவர்களில் இருவர் தங்கள் பெயர் பரவுவதை விரும்பவில்லை.

என்ன செய்ய நினைத்தோம்

மூன்று பேர் என்றேன். ஒலிப்பதிவும் கலவையும் என் பொறுப்பு. கிற்றார் வாசிப்பவன் என்னோடு படித்தவன். மூன்றாமவர் ஒரு தமிழ் ஆசிரியை. பாட்டுகளைத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவருடைய தகப்பனார் அருவிச் சிந்து, பண்டிப்பள்ளு, குருவிப்பள்ளு, தாலாட்டு, கோவலன் கூத்துப் பாட்டு எல்லாவற்றையும் கொப்பிகளில் எழுதி வைத்திருந்தாராம். 2009 இல் இடம்பெயர்ந்து மாத்தளன் பக்கம் போகும் வழியில் அந்தக் கொப்பிகள் போயின. பின்பு செட்டிக்குளம் மெனிக்பாம் முகாமில் இருந்தபோது, நினைவில் நின்றதைத் தகப்பனார் நிவாரணப் பொதியின் பேப்பரில் எழுதத் தொடங்கியதாக ரீச்சர் சொல்வார். எங்கள் வேலைக்கு மூலம் அந்தக் கடுதாசிகள்.

வன்னிப் பாட்டு என்றதும் பலர் ஒப்பாரியையும் தாலாட்டையும் மட்டும் நினைப்பார்கள். இங்கே பாட்டு பெரும்பாலும் வேலையோடு கிடந்தது. பண்டிப்பள்ளு, வயலில் இறங்கி விளைச்சலைக் கிளறும் காட்டுப்பன்றியைப் பற்றியது. குருவிப்பள்ளு, கதிரைக் கொத்தும் குருவியைப் பற்றியது. அருவி வெட்டில், வரிசையாக நிற்பவர்களில் ஒருவர் முன்பாட்டுச் சொல்ல மற்றவர்கள் பின்பாட்டுச் சொல்லிக்கொண்டு வெட்டிப் போவார்கள். பாட்டின் வேகம்தான் அரிவாளின் வேகம். ஒருவர் முந்தாமலும் ஒருவர் பிந்தாமலும் வரிசை நேராகப் போவதற்குப் பாட்டு வேண்டும். சூடு மிதித்து நெல் பிரிக்கும்போது களத்தில் பொலி பாடுவார்கள். கடற்கரைப் பக்கம் போனால் கரைவலை இழுக்கும்போது அம்பா.

இப்போது அருவி வெட்ட மெசின் வருகிறது. ஒரு ஏக்கரை முடிக்க அதற்கு அதிக நேரம் வேண்டாம், பாட்டும் வேண்டாம். கரைவலையையும் பல இடங்களில் உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி இழுக்கிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. குனிந்து வெட்டிய முதுகு என்ன பாடு படும் என்று ஆச்சியிடம் கேட்டால் தெரியும். ஆனால் வேலை போனதும் பாட்டுக்கு இருக்க இடமில்லாமல் போய்விட்டது. அப்படி ஏழு பாட்டுகளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்க நினைத்தோம். இளம் பிள்ளைகளும் கேட்கும்படி, வடிவாக, ஒரு தொகுப்பாக.

2022

பதிவு நடந்தது 2022 பங்குனியிலிருந்து ஆனி வரை. அந்த மாதங்கள் எப்படிக் கழிந்தன என்று இலங்கையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. முந்தைய ஆண்டு இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியதில் காலபோக நெற்செய்கை அடிபட்டிருந்தது. டீசல் இல்லை, பெற்றோல் இல்லை, காஸ் இல்லை. பங்குனிக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது.

தொகுப்பு எப்படி ஒலித்தது என்பதற்கு இது நேரடிக் காரணம். இதை நாங்கள் மிகவும் பிந்தித்தான் புரிந்துகொண்டோம்.

ஒன்று, அமைதி. சாதாரண நாளில் எங்கள் ஊரில் இரவு எட்டு மணிக்கு ஒலிப்பதிவு செய்யவே முடியாது. பக்கத்து வீட்டு ரீவி, தண்ணீர் மோட்டர், மின்விசிறி, குளிர்ப்பெட்டி, கோயில் ஒலிபெருக்கி, ரோட்டில் மோட்டர் சைக்கிள். அந்த மாதங்களில் மின்சாரம் போனதும் எல்லாம் ஒரேயடியாக நின்றுவிடும். சூம் எச்4என் என்ற கைப்பதிவுக் கருவியை பற்றரியில் போட்டு ஆச்சி முன்னால் ஒன்றரை அடியில் வைத்தால், அவர் மூச்சு இழுப்பதும் பாக்குவெட்டி சத்தமும் கூடத் துல்லியமாக விழும். அப்படி ஒரு இரவை எந்த ஒலிப்பதிவுக் கூடத்திலும் காசு கொடுத்து வாங்க முடியாது. நாங்கள் பூரித்துப் போனோம்.

மற்றது, ஆட்கள். பின்பாட்டுக்கு எட்டுப் பத்துப் பேரை ஓரிடத்தில் சேர்க்க வேண்டுமென்றால் தண்ணீரூற்றிலிருந்தும் வற்றாப்பளையிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் வயசானவர்களை ஏற்றி வரவேண்டும். எதில் ஏற்றுவது? ஓட்டோக்காரர்களே இரண்டு நாள் வரிசையில் நின்றுதான் சில லீற்றர் அடித்தார்கள். அதனால் நான் கருவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் ஒருவர். ஒருவர் பாடுவார், நான் பதிவேன். அப்புறம் அடுத்த வீடு.

பாட்டுகள் தனித்தனியாகப் போனதற்கு முதற்காரணம் பெற்றோல் இல்லாததுதான். பிறகு அந்தத் தனிமையை நாங்களே விரும்பத் தொடங்கினோம். அதுதான் இரண்டாவது காரணம், பெரிய காரணமும் கூட.

விஸ்கொன்சின் குடில்

கிற்றார்காரனும் நானும் அந்த நாள்களில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது போன் ஈவர் என்ற பெயரில் ஜஸ்ரின் வேர்னன் செய்த முதல் தொகுப்பு, "ஃபோர் எம்மா, ஃபொரெவர் அகோ". பெரிய நிறுவனங்களைச் சாராத நாட்டார் பாணி இசை, இன்டி ஃபோக் என்று சொல்லப்படும் வகையில் அது ஒரு அடையாளக்கல். இசைக்குழு உடைந்து, உடல்நலமும் கெட்டு, ஊருக்குத் திரும்பிய வேர்னன் 2006 கடைசியில் தகப்பனின் வேட்டைக் குடிலுக்குப் போனார். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், குளிர்காலம் முழுவதும் தனியாக இருந்து, கையில் கிடந்த எளிய கருவிகளால் பதிந்த பாட்டுகள் அவை. 2007 இல் 500 பிரதிகளைத் தானே வெளியிட்டார். 2008 இல் ஜாக்ஜாகுவார் என்ற சிறிய வெளியீட்டகம் அதை எடுத்து உலகுக்குக் கொடுத்தது. 2012 இல் போன் ஈவர் குழு புதிய கலைஞருக்கான கிராமி விருதை வாங்கியது. பாட்டைக் கேட்பதற்கு முன்பே குடிலின் கதையைக் கேட்டவர்கள் ஏராளம். பனி, தனிமை, முறிந்த காதல். அந்தக் கதை ஒரு கதவு போல. அதன் வழியாகத்தான் பலர் பாட்டுக்குள் போனார்கள்.

எங்களுக்கும் அப்படி ஒன்று கிடைத்துவிட்டதாக நினைத்தோம். மின்சாரமில்லாத இரவு, ஒரு கைப்பதிவுக் கருவி, தனிக்குரல். நாங்கள் சொல்லிவைத்து அந்தத் தொகுப்பைப் பார்த்து எழுதவில்லை. ஆனால் அழகான பாட்டு என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று எங்கள் காது ஏற்கனவே முடிவெடுத்திருந்தது.

ஒரு விஷயத்தை நாங்கள் கவனிக்கவில்லை. வேர்னனின் அந்தத் தொகுப்பை நல்ல ஹெட்போனில் கேளுங்கள். அங்கே ஒரு குரல் இல்லை. தன் குரலையே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு கோயில் பசனைக் கூட்டம் போல ஆக்கியிருக்கிறார். ஆளில்லாத காட்டில் இருந்த மனுசன், பின்பாட்டுக்காரர் முழுப்பேரையும் தானே பாடியிருக்கிறார். தனிமையான தொகுப்பு என்று உலகம் கொண்டாடியது பல குரல்களால் ஆனது. எங்கள் ஆச்சியோ பல குரல்களுக்கு நடுவில் வளர்ந்த பாட்டை எங்களுக்காகத் தனியாகப் பாடிக்கொடுத்தார்.

வெட்டியது

சரி, கலவையில் நான் செய்ததைச் சொல்கிறேன். இது முழுக்க என் பிழை.

ஆச்சியின் மூலப்பதிவு ஆறு நிமிடத்துக்கு மேல் வந்தது. வெளியானது மூன்று நிமிடம் நாற்பது செக்கன். குறைந்த அந்த நேரம் எங்கே போனது? ஆச்சி ஒவ்வொரு அடியையும் பாடி முடித்ததும் கொஞ்ச நேரம் நிறுத்துவார். எனக்கு அது வயசான பெண்ணின் மூச்சுவாங்கலாகத் தெரிந்தது. நினைவுபடுத்தி அடுத்த அடியை எடுக்கிறார் என்று நினைத்தேன். கணினித் திரையில் பார்த்தால் அலைவடிவம் மேடு, பிறகு வெறுங்கோடு, திரும்ப மேடு. அந்த வெறுங்கோடுகளை ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்து வெட்டி எறிந்தேன். அடிகளை நெருக்கி ஒட்டினேன். கிற்றார்காரன் அதன்மேல் மெல்லிய விரல் மீட்டல் வாசித்தான். கொஞ்சம் எதிரொலி சேர்த்தேன். அழகாக வந்தது என்று மூன்று பேரும் நம்பினோம். உண்மையைச் சொன்னால் ரீச்சர் மட்டும் "ஏதோ ஓடுற மாதிரி இருக்கு தம்பி" என்றார். ஆனால் அவராலும் என்னவென்று பிடித்துச் சொல்ல முடியவில்லை.

அம்பாப் பாட்டில் மட்டும் அந்தப் பிழை நடக்கவில்லை. அது எங்கள் கெட்டித்தனமல்ல. முல்லைத்தீவில் கரைவலைக்குப் போன அண்ணை ஒருவர், கதிரையில் இருந்து பாடப் பார்த்தார், அடி வரவேயில்லை. இரண்டு தரம் தொடங்கி இரண்டு தரமும் விட்டார். "இரு தம்பி" என்று எழும்பிப்போய், வளவில் நின்ற வேம்பில் ஒரு நைலோன் கயிற்றைக் கட்டி, மற்ற நுனியை இடுப்போடு கொடுத்து, குதிக்காலை மண்ணில் ஊன்றி இழுக்கத் தொடங்கினார். பாட்டு தானாக வந்தது. ஒரு அடிக்கு ஒரு இழுவை. இழுக்கும்போது கயிறு முறுகும் சத்தமும் அவர் மூச்சை விடும் சத்தமும் சேர்ந்து பதிவில் விழுந்தன. அதை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. வெட்டினால் பாட்டே இல்லை என்று கேட்டாலே தெரிந்தது. ஆச்சியிடம் ஒரு அரிவாளைக் கொடுத்து நிற்கவைத்துப் பாடச் சொல்லியிருந்தால், ஒருவேளை அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்கும்.

பாடாத பாட்டு

தொகுப்பில் ஏழு பாட்டுகள். எட்டாவதாக ஒரு ஒப்பாரி சேர்ப்பதாகத்தான் திட்டம். நாட்டார் இசைத்தொகுப்பு ஒப்பாரி இல்லாமல் எப்படி என்று நான்தான் வாதாடினேன்.

நல்ல குரல்வளம் உள்ள ஒரு அம்மாவிடம் ரீச்சர் கூட்டிப்போனார். சாவீடுகளில் அவர் ஒப்பாரி சொன்னால் நிற்பவர்கள் எல்லாம் அழுவார்களாம். அவருடைய மகன் 2009 இல் காணாமல் போனவர். 2017 மாசி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடங்கிய போராட்டத்தில் அந்த அம்மாவும் போய் இருந்தவர். நான் அதை அறிந்துதான் போனேன். அறிந்தும் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "அயலட்டைச் சாவுக்குப் போய்ச் சொல்லுறனான்தான். வீட்டில இருந்து சொல்லேலாது தம்பி. வீட்டுக்குள்ள ஒப்பாரி வைச்சால் என்ர பிள்ளை செத்துப்போச்செண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி எல்லோ."

ஒப்பாரி யாரோ ஒருவருடைய பெயரைச் சொல்லி அழுவது. பொதுவாக ஒரு ஒப்பாரி, மாதிரிக்கு ஒரு ஒப்பாரி என்று ஒன்று கிடையாது. அந்த அம்மா அதை வீட்டுக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார். கருவியை நான் பையிலிருந்து எடுக்கவேயில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தோம். ஏழு பாட்டோடு தொகுப்பு முடிந்தது. வெளியான பிறகு ஏன் ஒப்பாரி இல்லை என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் பதில் எழுதவில்லை.

வெளியீடு: படிவங்களும் காசும்

இந்தப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் இதே வழியில் வருபவர்கள் தெரிந்துகொள்ளவேண்டியவை சில உண்டு.

ஸ்பாட்டிஃபை இலங்கைக்கு வந்தது 2021 இல். அதில் நேரே போட முடியாது. ஒரு விநியோக நிறுவனத்தின் வழியாகத்தான் போகவேண்டும். அவர்களுடைய படிவம் பாடலாசிரியர் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. யார் எழுதிய பாட்டு என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? மரபுப் பாடல் என்று எழுதினோம். இசைவகைப் பட்டியலில் நாட்டார் பாடல் என்பதற்கு நெருங்கியதாக ஃபோக், இன்டி ஃபோக், வேர்ல்ட் என்பவை இருந்தன. இன்டி ஃபோக்கைத் தெரிவுசெய்தோம். பாட்டு எந்தக் காதுகளுக்குப் போய்ச் சேரும் என்பதை அந்த ஒரு சொடுக்கு பெருமளவு தீர்மானித்தது என்று இப்போது நினைக்கிறேன்.

யூரியூப்பில் போட்டு இரண்டாம் நாள் தாலாட்டுக்கு உரிமைக் கோரிக்கை வந்தது. அதே மெட்டை யாரோ எங்கோ பதிந்து, தங்கள் சொத்தாகப் பதிவுசெய்திருக்கிறார்கள். கணினி ஒப்பிட்டுப் பார்த்து அதன் விளம்பரக் காசை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டது. முள்ளியவளையில் நாலு தலைமுறை தொட்டில் ஆட்டிய மெட்டு அது. மறுப்புக் கொடுத்து விடுவிக்க ஒரு மாதத்துக்கு மேல் போனது.

இன்னொரு பக்கம், நாங்களும் கவனிக்காத ஒன்று இருந்தது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 24 ஆம் பிரிவு நாட்டார் வெளிப்பாடுகளைத் தனியாகக் காக்கிறது. வியாபாரத்துக்காகவோ மரபான சூழலுக்கு வெளியிலோ அவற்றைப் படியெடுத்து மக்களுக்குக் கொடுப்பதென்றால் உரிய அதிகாரியின் அனுமதி வேண்டும் என்பது அதன் சாரம். இதை வெளியீட்டுக்குப் பிறகுதான் ஒரு சட்டத்தரணி சொல்லித் தெரிந்தோம். பிரதேச செயலகத்துக்குப் போய் விளக்கி எழுதிக் கொடுத்தோம். பாடியவர்களிடம் அனுமதி வாங்கியது போதும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பாட்டு பாடியவருடையது மட்டுமல்ல என்று சட்டம் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது.

காசு? பாடிய ஒவ்வொருவருக்கும் கையில் கொடுத்துவிட்டுத்தான் பதிந்தோம், அது எங்கள் சேமிப்பு. திரும்பி வந்தது சொற்பம். பாண்ட்காம்ப் என்ற இணைய இசைக்கடையில் விற்றால் அவர்கள் எடுப்பது 15 வீதம்தான், நல்ல ஏற்பாடு. ஆனால் காசு பேபாலில் வரும். இலங்கைக் கணக்கில் அப்போது பேபால் காசை வாங்க முடியாது. லண்டனில் இருக்கும் மச்சான் கணக்கில் வாங்கி, அவர் உண்டியல் மாதிரிச் சேர்த்து வைத்து அனுப்பினார். 2024 தொடக்கம் ஸ்பாட்டிஃபை, ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஒலிக்காவிட்டால் அதற்குக் காசு இல்லை என்று விதி போட்டது. எங்கள் ஏழில் பல அந்தப் பக்கம் போய்விட்டன.

தூரத்துக் காதும் பக்கத்துக் காதும்

வரவேற்பு என்று பார்த்தால் தூரத்திலிருந்து வந்தது நல்ல வரவேற்புத்தான். நன்றி கெட்டு எழுதக்கூடாது. முகம் தெரியாதவர்கள் நீளநீளமாக எழுதினார்கள். ரொறன்ரோவில் பனிக்கொட்டலில் வேலைக்குக் கார் ஓட்டும்போது கேட்பதாக ஒருவர் எழுதினார். அவருடைய அம்மம்மா தண்ணீரூற்று. அந்தக் கடிதத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆனால் பல செய்திகளில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது: மௌனம். போருக்குப் பிந்தைய மௌனம், அழிந்த ஊரின் மௌனம், சாட்சியில்லாத நிலத்தின் மௌனம். ஒரு வானொலி நேர்காணலில் அந்த மௌனத்தை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்றே கேட்டார்கள். நான் தடுமாறிப்போனேன். கரண்ட் இல்லை, அதுதான் காரணம். அதைச் சொன்னபோது கேட்டவர் குரலில் ஒரு ஏமாற்றம் தெரிந்தது.

போர் எங்களுக்குத் தூரமில்லை. ஆச்சியும் முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர், பறிகொடுத்தவர். ஆனால் அருவி வெட்டுப் பாட்டு அதைப் பற்றியதல்ல. அது கதிர் முற்றிய மகிழ்ச்சியில், கூலிக்கு வந்த பெடியனைக் கிண்டல் பண்ணி, வரம்பில் நிற்கும் வயல்காரருக்குக் குத்தல் விட்டுப் பாடுவது. அதில் சிரிப்பு இருக்கிறது. அந்தச் சிரிப்பைத் தூரத்துக் காது கேட்கவில்லை என்று குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. சிரிக்கிறவர்கள் பின்பாட்டில் இருந்தார்கள், அவர்களை நான் சேர்க்கவில்லை.

பக்கத்து வரவேற்பு வேறுமாதிரி. இங்கே ஸ்பாட்டிஃபையில் கேட்டவர்கள் குறைவு. வட்ஸ்அப்பில் போனது, பென்ட்ரைவில் ஏற்றி ஓட்டோக்காரர்களுக்கும் கொடுத்தோம். எல்லோரும் மரியாதையாக நல்லாயிருக்கு என்றார்கள். இரண்டாம் தரம் யாரும் போடவில்லை. ஒரு ஓட்டோ அண்ணை மட்டும் மனதில் உள்ளதைச் சொன்னார்: "விடியக் காலமை ஏத்திற ஆக்களுக்கு இதைப் போட்டால் ஏதோ சாவீட்டுக்குப் போற மாதிரிக் கிடக்கு." அம்பாப் பாட்டை மட்டும் கடற்கரைப் பக்கம் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். கயிறு முறுகும் இடத்தில் பெடியள் சேர்ந்து "ஏலேலோ" என்று இழுப்பார்களாம்.

மூலப்பதிவு

ஆச்சி சொன்ன அன்றிரவே வீட்டுக்கு வந்து மூலப்பதிவைத் திறந்தேன். வெட்டாத ஆறு நிமிடம். கண்ணை மூடிக்கொண்டு, ஹெட்போனில்.

முதல் அடி. நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் மூச்சுவாங்கல் இல்லை. மெல்ல, உள்ளங்கையால் தொடையில் தட்டும் சத்தம்: தட், தட், தட். உதட்டைத் திறக்காமல் ஒரு முனகல். பிறகு அடுத்த அடி, சரியாகத் தாளத்தில். ஒவ்வொரு நிறுத்தமும் ஒரே நீளம், மூன்று செக்கனுக்குச் சற்றுக் கூட. நேரம் பார்த்து எழுதினேன், எல்லா இடத்திலும் அதே.

ஆச்சி அடியை மறக்கவுமில்லை, களைக்கவுமில்லை. எண்பதை நெருங்கும் வயதில், இருட்டு முற்றத்தில் தனியாக இருந்தபடி, இல்லாத எட்டுப் பத்துப் பேர் பின்பாட்டுச் சொல்லி முடிக்கும்வரை காத்து நின்று அடுத்த அடியை எடுத்திருக்கிறார். அந்த இடங்களைத்தான் நான் வெறுங்கோடு என்று வெட்டி எறிந்தேன்.

இதை எழுதும்போதும் எனக்குக் கை கூசுகிறது.

இரண்டாம் பதிவு

2023 மாசி அறுவடையோடு திரும்பப் பதிந்தோம். எரிபொருள் கியூஆர் பங்கீட்டு முறையில் கிடைத்துக்கொண்டிருந்தது, ஆட்களைச் சேர்க்க முடிந்தது. ஆச்சியோடு ஒன்பது பேர். அறையில் அல்ல, அவர் மருமகனின் வயலில், மெசினுக்கு விடாமல் ஒதுக்கி வைத்த ஒரு துண்டில். உண்மையாகவே வெட்டிக்கொண்டு பாடினார்கள். ஆச்சி வரம்பில் இருந்து முன்பாட்டுச் சொன்னார். கிற்றார் இல்லை. ஒரு மைக் ஆச்சிக்கு, மற்றது வரிசையோடு நான் தூக்கிக்கொண்டு நடந்தது. மயில் கத்தியது, தூரத்தில் உழவு இயந்திரம் போனது, யாரோ போன் அடித்தது. எல்லாம் உள்ளே இருக்கிறது. துண்டு முடியும்வரை பாட்டு முடியவில்லை. பதினொரு நிமிடம். ஆறாவது நிமிடத்தில், முன்பு தொகுப்பில் இல்லாத நாலு அடி ஆச்சிக்கு ஞாபகம் வந்தது. ரீச்சரின் தகப்பன் கடுதாசியிலும் அது இல்லை.

இதை அதே தொகுப்பின் பக்கத்தில் இரண்டாம் வடிவமாகச் சேர்த்தோம். தூரத்தில் அதிகம் எடுபடவில்லை. நீளம் என்றார்கள், சத்தம் என்றார்கள், முதல் வடிவத்தின் ஆழம் இதில் இல்லை என்று ஒரு நண்பன் நேர்மையாகவே எழுதினான். அவனுக்குப் பிடித்ததைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஊரில் அது ஓட்டோவில் போனது, தேத்தண்ணிக் கடையில் போனது, ஒரு கலியாண வீட்டுச் சமையல் கொட்டிலில் மரக்கறி வெட்டுகிற பெண்கள் போனைப் பானை மேல் சாத்தி வைத்துக் கேட்டுக்கொண்டே பின்பாட்டுச் சொன்னதை நானே கண்டேன். கத்தரிக்காய் வெட்டும் வேகம் கூடிக்கொண்டே போனது.

போன வருசம் ஒரு முன்பள்ளி ரீச்சர் வந்து கேட்டார். பிள்ளைகளுக்குப் பழக்க அந்தப் பாட்டு வேண்டுமாம். பதினொரு நிமிட வடிவத்தைக் கொடுக்கப் போனேன். "அதில பெரியாக்கள் பாடிப்போடுகினம், பிள்ளையளுக்கு இடமில்லை. ஆச்சி மட்டும் பாடி, இடையில விட்ட மாதிரி ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார்.

இருந்தது. வெட்டாத அந்த ஆறு நிமிடத்தை, எதிரொலி இல்லாமல், கிற்றார் இல்லாமல், அப்படியே பென்ட்ரைவில் ஏற்றிக் கொடுத்தேன். பிள்ளைகள் சின்னவர்கள், மூன்று செக்கன் போதாது என்று இரண்டு நாளில் திரும்பி வந்தார். ஒவ்வொரு இடைவெளியையும் ஐந்து செக்கன் ஆக்கினேன், ஆச்சியின் தொடைத் தட்டல் கெடாமல் ஒட்டினேன். இப்போது காலை எட்டரைக்கு அந்தப் பக்கத்தால் போனால் கேட்கலாம். ஆச்சி ஒரு அடி சொல்ல, இருபது பிள்ளைகள் கொஞ்சம் முந்தியும் பிந்தியும் பின்பாட்டுச் சொல்லுகிறார்கள்.